'போதிய' என்றால் எவ்வளவு?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரசியலமைப்புச் சட்டத்தின் 16(4)-ஆம் பிரிவு மனப்பாடம். அரசுப் பணிகளில் இடஒதுக்கீடு தரும் பிரிவு எது என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பிரிவு யாருக்கு இடஒதுக்கீடு தரலாம் என்று சொல்கிறது? அரசின் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு. போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்று யார் முடிவு செய்வது? அரசு. 'அரசின் கருத்தில்' என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

இந்த 'போதிய' என்ற சொல்லில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. கால் வயிறு சாப்பிட்டவனைப் பார்த்து 'போதுமா?' என்று கேட்கலாம். அரை வயிறு சாப்பிட்டவனிடமும் கேட்கலாம். கேட்கப்படுபவன் பதில் சொன்னால் ஒரு அளவு வரும். பரிமாறுபவனே 'போதும்' என்று சொல்லிக்கொண்டால் வேறு அளவு வரும். கடந்த 30 ஆண்டுகளாக உச்ச நீதிமன்றத்தில் நடந்த இடஒதுக்கீட்டு வழக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடந்திருக்கின்றன. வேலைக்குப் போகும் தலித் இளைஞருக்கும், வேலையில் இருந்து பதவி உயர்வுக்குக் காத்திருப்பவருக்கும் இந்தச் சொல் வெறும் பாடம் அல்ல. வாழ்க்கை.

சொல் வந்த வழி

பிரதிநிதித்துவம் என்ற கோரிக்கை நம் மண்ணில் பழையது. பழைய சென்னை மாகாணத்தில் அதற்கு 'வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்' என்று பெயர். 1919-இல் வாக்குரிமை பற்றி விசாரிக்க வந்த சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் சொன்ன இளைஞர் அம்பேத்கர், இந்தக் கோரிக்கைக்கு ஒரு தெளிவான அடிப்படை தந்தார். கருத்துகளுக்குப் பிரதிநிதித்துவம் கிடைப்பது வேறு, மனிதர்களுக்கே பிரதிநிதித்துவம் கிடைப்பது வேறு என்பது அவருடைய வாதம். உனக்காக நான் பேசுகிறேன் என்று வேறொருவர் சொன்னால் போதாது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் தாமே அந்த அவையில் உட்கார வேண்டும். ஆளப்படுவதற்கு மட்டும் உரிமை, ஆள்வதற்கு உரிமை இல்லை என்றால் அது மக்களாட்சி ஆகாது.

அதன் பயனைச் சென்னைச் சட்ட மன்றத்திலேயே பார்க்கலாம். எம்.சி. ராஜா 1922-இல் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் அரசு ஆவணங்களில் இழிவான பெயர்களுக்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் வந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாம் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்றது. இருவரும் நியமன உறுப்பினர்கள். விரல்விட்டு எண்ணும் எண்ணிக்கை. ஆனாலும் அந்த இருக்கையில் அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தீர்மானங்களை யார் கொண்டுவந்திருப்பார்கள்?

வேலைவாய்ப்பில் முதல் கணக்கு 1928-இல் வந்தது. அமைச்சர் முத்தையா முதலியார் காலத்து வகுப்புவாரி ஆணைப்படி, 12 பணியிடங்கள் வந்தால் அதில் பார்ப்பனர் அல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. பன்னிரண்டில் ஒன்று. 1947-இல் அது 14-இல் 2 ஆனது. மக்கள்தொகையைப் பார்த்தால் இரண்டுமே குறைவு. ஆனால் ஒரு நல்ல விஷயம், அங்கே 'போதிய' என்ற வழவழப்பான சொல்லுக்கு வேலை இல்லை. இத்தனையில் இத்தனை என்று எண் இருந்தது.

1932 செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும் இதே வேறுபாட்டைப் பார்க்கலாம். சட்டமன்ற இடங்களுக்குத் தெளிவான எண்: மொத்தம் 148, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. உள்ளாட்சிக்கும் அரசுப் பணிக்கும் வரும்போது எண் இல்லை. நியாயமான பிரதிநிதித்துவம் கிடைக்க எல்லா முயற்சியும் எடுக்கப்படும், அதுவும் கல்வித் தகுதிக்கு உட்பட்டு என்று வாக்குறுதி மட்டும் இருந்தது. அரசியல் இருக்கைக்கு எண், வேலைக்கு வாக்குறுதி. இந்தப் பிளவுதான் பிறகு அரசியலமைப்புச் சட்டத்துக்குள்ளும் போனது.

கக்கன் கேட்டது

16(4) இன்றைய வடிவம் பெற்றது 1948 நவம்பர் 30-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதத்தில். அன்றைக்கு அது வரைவின் 10-ஆம் பிரிவு. அந்த விவாதத்தில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த பி. கக்கன் எழுந்து பேசினார். பிறகு தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர், எளிமைக்கு உதாரணமாக நாம் எல்லோரும் சொல்பவர். ஆனால் அன்று அவர் பேசியதை நம் பிள்ளைகள் பலர் கேள்விப்பட்டதில்லை.

அவர் சுருக்கமாகத்தான் பேசினார். அரிஜன மக்களுக்கு இதுவரை அரசு வேலைகளில் உரிய நியமனம் கிடைக்கவில்லை, மேலதிகாரிகள் தம் ஆட்களையே தேர்ந்தெடுக்கிறார்கள், பதவி உயர்விலும் நியாயம் கிடைப்பதில்லை என்றார். கவனியுங்கள். நியமனம், பதவி உயர்வு என்று இரண்டையும் அவர் அப்போதே பிரித்துச் சொன்னார். பதவி உயர்வில் இடஒதுக்கீடு என்பது புதிதாக முளைத்த கோரிக்கை என்று இன்று சிலர் பேசுகிறார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் 1948-லேயே அதைச் சபையில் வைத்துவிட்டார்.

அம்பேத்கர் பதில் சொன்னபோது, எல்லோருக்கும் சம வாய்ப்பு என்ற கொள்கையையும், இதுவரை நிர்வாகத்துக்குள் நுழையவே முடியாமல் இருந்த சமூகங்களின் கோரிக்கையையும் ஒன்றாக இணைக்கும் முயற்சிதான் இந்தப் பிரிவு என்று விளக்கினார். எவ்வளவு தர வேண்டும் என்ற எண்ணை மட்டும் சபை எழுதவில்லை.

ஒரே சட்டம், இரண்டு அளவுகோல்

இப்போது புத்தகத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மக்களவைத் தொகுதிகளுக்கு 330-ஆம் பிரிவு, சட்டமன்றத் தொகுதிகளுக்கு 332, ஊராட்சிக்கு 243-டி. இந்த மூன்றும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகை விகிதத்தில் இடம் ஒதுக்கச் சொல்கின்றன. அதனால்தான் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2 தனித்தொகுதிகள். மக்களவைக்கு 39-இல் 7. இங்கே யாரும் 'போதுமா, போதாதா' என்று வழக்குப் போட முடியாது. மக்கள்தொகைக் கணக்கு சொல்லிவிடும்.

16(4)-இல் விகிதம் என்ற சொல்லே கிடையாது. 'போதிய' என்ற சொல்தான் இருக்கிறது. மண்டல் வழக்கு என்று நாம் சொல்லும் இந்திரா சாஹ்னி வழக்கில் 1992-இல் 9 நீதிபதிகள் அமர்வு, போதிய பிரதிநிதித்துவம் வேறு, விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வேறு என்று சொல்லிவிட்டது. 2018-இல் ஜர்னைல் சிங் வழக்கில், பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் எத்தனை பங்கோ அத்தனை பங்கைப் பதவி உயர்வுக்கும் அளவுகோலாக வைக்கலாம் என்று மத்திய அரசுத் தரப்பு கேட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 330-ஆம் பிரிவில் விகிதம் என்று எழுதத் தெரிந்தவர்கள் 16-ஆம் பிரிவில் ஏன் எழுதவில்லை என்பதுதான் அது சுட்டிக்காட்டிய காரணம்.

தமிழ்நாட்டுக் கணக்கையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 1971-இல் பட்டியல் சாதி, பழங்குடி இருவருக்கும் சேர்த்து 18 விழுக்காடு ஆனது. 1990-இல் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு தனியாக வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு, எண்ணிக்கையில் சுமார் 1 கோடியே 44 லட்சம் பேர். 20 பேர் இருக்கும் இடத்தில் 18 இருக்கை. அந்த 18-ம் நிரம்பியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

பதவி உயர்வில் நடந்த இழுபறி

1992 தீர்ப்பு, பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்றது. அதை மாற்ற நாடாளுமன்றம் 1995-இல் 77-ஆவது திருத்தம் கொண்டுவந்து 16(4ஏ) பிரிவைச் சேர்த்தது. அதிலும் அதே சொல்: பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் பெறாத பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. 2000-ஆவது ஆண்டின் 81-ஆவது திருத்தத்தால் 16(4பி) வந்தது. ஒரு ஆண்டு நிரப்பப்படாமல் போன பின்னடைவுப் பணியிடங்களை அடுத்த ஆண்டு 50 விழுக்காட்டு உச்சவரம்புக்குள் சேர்க்காமல் தனியாக நிரப்ப அது வழிசெய்தது.

இந்தத் திருத்தங்களை எதிர்த்து நடந்ததுதான் எம். நாகராஜ் வழக்கு. 2006-இல் வந்த தீர்ப்பு திருத்தங்கள் செல்லும் என்றது. கூடவே ஒரு நிபந்தனை போட்டது. பதவி உயர்வில் இடஒதுக்கீடு தர விரும்பும் அரசு, அந்த மக்கள் பின்தங்கியவர்கள் என்பதற்கும், பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கும் எண்ணிக்கையில் அளக்கக்கூடிய தரவுகளைத் திரட்டிக் காட்ட வேண்டும். சேரியில் பிறந்த ஒருவர், தாம் பின்தங்கியவர் என்பதற்குத் தரவு காட்ட வேண்டுமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 2018-இல் ஜர்னைல் சிங் தீர்ப்பு அந்த முதல் நிபந்தனையை நீக்கியது. இரண்டாவது அப்படியே நின்றது. அதாவது, எண்ணிக் காட்டு.

கர்நாடகம் எண்ணிக் காட்டியது. 2017-இல் அதன் பழைய சட்டத்தை உச்ச நீதிமன்றம் தரவு இல்லை என்று தள்ளியதும், ரத்ன பிரபா தலைமையில் குழு அமைத்துத் துறைவாரியாகக் கணக்கெடுத்தார்கள். அதன் அடிப்படையில் வந்த புதிய சட்டத்தை 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. உத்தராகண்ட் வழி வேறு. அங்கே அரசு பதவி உயர்வில் இடஒதுக்கீடே தருவதில்லை என்று முடிவெடுத்தது. 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, தர மாட்டேன் என்று முடிவெடுத்த அரசைத் தரவு திரட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தருவதற்கு எண்ணிக்கை வேண்டும். மறுப்பதற்கு எண்ணிக்கை வேண்டாம். அப்படியானால் எண்ணாமலே இருந்துவிடுவது யாருக்கு வசதி? 'போதிய பிரதிநிதித்துவம்' என்ற சொல் நமக்காக எழுதப்பட்டது. எண்ணிக்கை இல்லாத இடத்தில் அதே சொல் நமக்கு எதிராகவே நிற்கிறது.

எந்தப் படியில் எண்ணுவது?

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன், கற்பனைக் கணக்குதான். ஒரு நகராட்சியில் 100 பணியாளர்கள். அதில் 20 பேர் பட்டியல் சாதியினர். மாநில மக்கள்தொகையில் 20 விழுக்காடு, இங்கேயும் 20 விழுக்காடு. போதிய பிரதிநிதித்துவம் இருக்கிறது என்று ஒருவர் எழுதிவிடலாம். இப்போது படிப்படியாக எண்ணிப் பாருங்கள். தூய்மைப் பணியில் 16 பேர். அலுவலக உதவியாளர் 3 பேர். இளநிலை உதவியாளர் 1. கண்காணிப்பாளர், மேலாளர், பொறியாளர், ஆணையர் வரிசையில் ஒருவரும் இல்லை. மொத்தம் சரிதான். ஆனால் விளக்குமாறு பிடிக்கும் இடத்தில் நிறைந்து, பேனா பிடிக்கும் இடத்தில் காலியாக இருப்பதைப் பிரதிநிதித்துவம் என்று சொல்ல முடியுமா? சாதி சொன்ன வேலையையே அரசும் கொடுத்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

மத்திய அரசின் பணியாளர் துறை ஆண்டறிக்கைகளில் நான்காம் பிரிவு ஊழியர் கணக்கைப் போடும்போது துப்புரவுப் பணியாளர்களைத் தனி வரிசையில் காட்டி வந்தார்கள். காரணம் வெளிப்படை. அவர்களையும் சேர்த்தால் பட்டியல் சாதியினரின் பங்கு ஊதிப் பெரிதாகத் தெரியும்.

2022 ஜனவரியில் ஜர்னைல் சிங் வழக்கின் தொடர்ச்சியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே முக்கியம். பதவி உயர்வுக்கான தரவை மொத்தப் பணிக்கோ, 'ஏ', 'பி' என்ற பெரிய பிரிவுக்கோ எடுக்கக் கூடாது. எந்தப் பதவிக்கு உயர்வு தருகிறார்களோ அந்தப் பதவித் தொகுதியில் எண்ண வேண்டும். கர்நாடகம் பெரிய பிரிவாக எண்ணியது சரியல்ல என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. எவ்வளவு இருந்தால் போதும் என்ற அளவை மட்டும் தான் வகுக்க முடியாது, அதை அரசுகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

ஒதுக்கீடே இல்லாத படிகளும் உண்டு. உச்ச நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்வோம். 1950-இல் தொடங்கிய அந்த மன்றத்துக்கு முதல் பட்டியல் சாதி நீதிபதி 1980-இல்தான் வந்தார். அவர் நம் ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன். கே.ஜி. பாலகிருஷ்ணன் 2010-இல் ஓய்வு பெற்ற பிறகு, 2019-இல் பி.ஆர். கவாய் வரும்வரை 9 ஆண்டுகள் அந்த மன்றத்தில் பட்டியல் சாதி நீதிபதி ஒருவரும் இல்லை. நாம் மேலே பார்த்த 2018 தீர்ப்பு எழுதப்பட்டது அந்த இடைவெளியில்தான்.

நமக்குள்ளும் எண்ண வேண்டும்

மேல்சாதியைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை நமக்குள்ளும் கேட்டாக வேண்டும். பட்டியல் சாதி என்ற ஒரே பெயருக்குள் எல்லோரும் சமமாக வந்து சேர்ந்தார்களா? அருந்ததியர் மக்கள் பல ஆண்டுகள் போராடிக் கேட்டது இதைத்தான். 18 விழுக்காடு ஏட்டில் இருக்கிறது, எங்கள் தெருவிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டார்கள். நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2009-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றி, 18-க்குள் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு ஒதுக்கியது. அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்ற 7 பிரிவினர் அதில் வருகிறார்கள்.

பட்டியல் சாதிகளைப் பிரிக்கக் கூடாது என்ற 2004-ஆம் ஆண்டின் சின்னையா தீர்ப்பு இதற்குத் தடையாக நின்றது. 2024 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, தவிந்தர் சிங் வழக்கில் 7 நீதிபதிகள் அமர்வு 6-க்கு 1 என்ற பெரும்பான்மையில் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. அதற்கும் தரவு வேண்டும் என்றது. அந்த வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு நம் சொல்லுக்கு ஒரு புதிய பொருளும் தந்தது. பிரதிநிதித்துவம் போதியதா என்பதை வெறும் எண்ணிக்கையை வைத்துப் பார்க்கக் கூடாது, அது பயனுள்ள பிரதிநிதித்துவமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். துப்புரவுப் பணியில் நூறு பேர் இருப்பதை இனி யாரும் பிரதிநிதித்துவக் கணக்கில் எழுதிக் காட்டக் கூடாது என்று வாதாட இது ஒரு பிடி.

எண்ணிக்கை வந்த பிறகும்

எண்ணிக்கை வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடுமா? கக்கன் பிறந்த தும்பைப்பட்டி இருக்கும் அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. சட்டப்படி விகிதம் சரி. தேர்தலில் நின்று வென்ற முருகேசனும் உடன் இருந்த தலித் மக்கள் சிலரும் 1997 ஜூன் 30-ஆம் தேதி பேருந்தில் வந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தனித்தொகுதி என்பதற்காகவே 1996 முதல் 10 ஆண்டுகள் தேர்தல் நடக்கவிடாமல் செய்தார்கள். மனு போட ஆளில்லை, மனு போட்டவர் விலகிவிட்டார், வென்றவர் உடனே ராஜினாமா செய்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது.

இன்றும் தலைவர் நாற்காலியில் உட்கார விடாத ஊராட்சி, துணைத் தலைவரே காசோலைப் புத்தகத்தை வைத்துக்கொள்ளும் ஊராட்சி, கொடியேற்ற விடாத ஊராட்சி என்று செய்தி வராத ஆண்டு இல்லை. இருக்கை நம்முடையது, கையெழுத்து நம்முடையது, முடிவு வேறொருவருடையது என்றால் அதற்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: பேருக்குப் பிரதிநிதி. ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. எத்தனை பேர் இருக்கிறார்கள்? எந்தப் படியில் இருக்கிறார்கள்? அங்கே அவர்கள் முடிவெடுக்க முடிகிறதா?

மாணவர்கள் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்விகளில் முதல் இரண்டுக்கு விடை காண நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 10 ரூபாய் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது.

என்ன கேட்பது என்பதில்தான் கவனம் வேண்டும். 'உங்கள் அலுவலகத்தில் தலித்துகளுக்குப் போதிய பிரதிநிதித்துவம் இருக்கிறதா?' என்று கேட்டால், 'இருக்கிறது' என்று ஒரு வரியில் பதில் வரும். அல்லது இது தகவல் அல்ல, கருத்து என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படிக் கேளுங்கள்:

1. இந்த அலுவலகத்தில் ஒவ்வொரு பதவிக்கும் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை?

2. ஒவ்வொரு பதவியிலும் பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர் எத்தனை பேர்? தூய்மைப் பணியாளர்களைத் தனியாகக் காட்டவும்.

3. இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல் வேண்டும்.

4. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை, எந்த ஆண்டு முதல்?

5. நேரடி நியமனம் இல்லாமல் ஒப்பந்த முறையிலும் வெளிமுகமை மூலமும் வேலை செய்பவர்கள் எத்தனை பேர், என்ன வேலையில்?

இனச்சுழற்சி என்பது தமிழ்நாட்டில் 200 இடங்கள் கொண்ட வரிசை. அதில் பட்டியல் சாதியினருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2 இடங்கள் வர வேண்டும். பதிவேட்டைக் கையில் வாங்கிவிட்டால் எந்த முறை யாருக்குப் போயிற்று என்று ஒரு பள்ளி மாணவரே விரல்வைத்துப் பார்த்துவிடலாம். பொதுப்பிரிவில் தம் மதிப்பெண்ணால் வந்த தலித் ஒருவரை ஒதுக்கீட்டு இடத்தில் எழுதியிருந்தால், அது தவறு. 1995-இன் சபர்வால் தீர்ப்பு அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நிரந்தர வேலைகள் வெளிமுகமைக்குப் போகப் போக, 18 விழுக்காடு கணக்கிடப்படும் அந்த மொத்தமே சுருங்குகிறது. பானையே சிறுத்துவிட்டால் பங்கு சரியாக இருந்து என்ன பயன்?

மாவட்டத்துக்கு மாவட்டம் நிலைமை மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2011 கணக்குப்படி திருவாரூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். கன்னியாகுமரியில் 100-க்கு 4 பேர் அளவில்தான். மாநில சராசரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாவட்ட அலுவலகத்தின் நிலையைப் பேசினால் இரண்டு இடத்திலும் தவறாகப் போகும். உங்கள் வட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஒரு கல்லூரியில் 10 மாணவர்கள் சேர்ந்து, ஆளுக்கு ஓர் அலுவலகம் என்று எடுத்துக்கொண்டால், வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மின்வாரியம், தாங்கள் படிக்கும் அரசுக் கல்லூரி என்று ஒரு வட்டத்தின் கணக்கு முழுவதும் 100 ரூபாய்ச் செலவில் வந்துவிடும். அதை ஓர் அட்டவணையாக எழுதி, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். 'போதிய பிரதிநிதித்துவம் இருக்கிறது' என்று அடுத்த முறை யார் சொன்னாலும், எந்தப் பதவியில், எத்தனை பேர் என்று அந்த அட்டவணையைக் காட்டிக் கேளுங்கள்.